சாட்சி சொன்ன வாய்

எங்கள் சபையில் மைக்கைப் பிடித்து நான் சொன்ன சாட்சி பொய். அந்தப் பொய்யைக் கேட்டு ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுத்துவந்த மாத்திரையை நிறுத்தினாள்.

எழுதிவிட்டேன்... இதற்குமேல் படிக்காமல் நீங்கள் மூடிவைத்தாலும் உங்கள்மேல் குற்றமில்லை. ஆனால் படியுங்கள். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் பெயர் மெர்சி. செஞ்சியில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. மாலையில் வீட்டின் முன்னறையில் டியூஷன் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு வந்தீர்களானால், பெண்கள் பக்கத்தில் முதல் பாயில் முக்காடிட்டு உட்கார்ந்திருப்பவள் நான்தான். புதிதாக வருகிறவர்களுக்குப் பாஸ்டர் அம்மா என்னைத்தான் முதலில் காட்டுவார். "அந்த சிஸ்டரப் பாருங்க. எப்பேர்ப்பட்ட வியாதி! இப்போ எப்படி இருக்காங்கன்னு பாருங்க!"

எப்பேர்ப்பட்ட வியாதி... வலிப்பு.

எனக்கு அது வயதுக்கு வந்த வருடத்தில் தொடங்கியது. அப்போது நாங்கள் தொண்டூரில் இருந்தோம். மல்லாட்டைக் கொல்லையில், அதுதான் வேர்க்கடலைக் காட்டில் விழுந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது விழுந்திருக்கிறேன். நினைவு திரும்பும்போது என் கைக்குள் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருப்பார்கள். சுற்றிலும் முகங்கள். ஈரமாகிப்போன பாவாடையை அம்மா தன் முந்தானையால் மறைத்துக்கொண்டு அழுவாள். அந்த முகங்களை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நைனா என்னைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். அதே மாதத்தில்தான், எங்கள் ஊரிலிருந்து பலர் போய்வந்த இந்தச் செஞ்சி சபையார் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். வலிப்பு நின்றது.

எதனால் நின்றது? உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்! ஒருமுறை மாத்திரை தீர்ந்துபோய் வாங்கத் தாமதமானது. அந்த வாரமே அடுப்படியில் விழுந்தேன். இடது முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. சபையில் கேட்கிறவர்களுக்கு, சின்ன வயதில் பட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சாட்சி என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். பாட்டுகள் முடிந்து பிரசங்கம் தொடங்குமுன், அந்த வாரத்தில் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவர் காணாமல்போன மாடு கிடைத்தது என்பார். ஒருவர் மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது என்பார். ஒவ்வொன்றுக்கும் சபை "ஸ்தோத்திரம்" சொல்லும். சின்ன நன்மைக்குச் சின்னதாக, பெரிய நன்மைக்குக் கூரை அதிர.

அன்று என் முறை வந்தபோது எனக்குக் கல்யாண வயது. ஜெபித்தார்கள், மருந்தும் சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன்... இவ்வளவுதான் சொல்ல நினைத்து எழுந்தேன். சத்தியமாக இவ்வளவுதான்! எனக்கு முன்னால் பேசிய பெண்ணுக்குப் பெரிதாக ஸ்தோத்திரம் விழுந்திருந்தது. மைக் என் கைக்கு வந்தது. எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. நான் விழுந்து கிடந்தபோது பார்த்த அதே ஊர் முகங்கள் இப்போது ஆசையோடு பார்த்தன.

"ஒரு மாத்திரகூட இல்லாம கர்த்தர் என்னைத் தொட்டார்" என்றேன்.

அப்பா! அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கிழவிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாஸ்டர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன பயன்? மிகவும் பிடித்திருந்தது.

பாஸ்டர் என்னைத் தூண்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒரு பழியை அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம்தான்... ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. சபை விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மருந்து சாப்பிடாதே என்று எந்தப் பிரசங்கத்திலும் அவர் சொன்னதில்லை. உண்மை தெரிந்த நைனாவும் அம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். யாருமே என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

அதற்கப்புறம் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. கூட்டம் நடக்கும் இடமெல்லாம் அழைத்துப்போனார்கள். தளவானூரில் சொன்னேன், மேல்மலையனூர்ப் பக்கத்தில் சொன்னேன். என் மாமியார் அப்படி ஒரு கூட்டத்தில்தான் என்னைப் பார்த்தார். "கர்த்தர் தொட்ட பொண்ணு நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்று மகனுக்குக் கட்டிவைத்தார். வலிப்பு வந்த பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்? அந்தப் பொய் எனக்கு ஒரு புருஷனைக் கொடுத்தது. நல்ல புருஷன். ஜெயசீலன் என்று பெயர். நெல் கமிட்டியில், அதாவது நெல் ஏலம் விடுகிற அரசு விற்பனைக் கூடத்தில், லோடு வண்டி ஓட்டுகிறார். கூட வேலை செய்கிறவர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவருக்குத் தெரியாமல் தினமும் குளியலறையில் குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மாத்திரை விழுங்குகிறவளைத்தான் அவர் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஊசிநூல் டப்பாவின் அடியில் ஒரு துணி, துணிக்குக் கீழே மாத்திரை. காலையில் அதை விழுங்கிவிட்டு வந்து, அவரோடு முழங்காலிட்டுக் குடும்ப ஜெபம் செய்கிறேன். எந்த வாயால் என்று கேட்கிறீர்களா? இதே வாயால்தான்.

நீண்ட காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாத்திரையும் கர்த்தர் கொடுத்த அறிவால் செய்ததுதானே? நான் சுகமாகத்தானே இருக்கிறேன்? என் சாட்சியால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது?

அப்போது செல்வி வந்தாள்.

செல்வி மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை செய்கிறவள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், பொங்கலுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறவன். ஒரே மகள், தர்ஷினி. ஐந்தாம் வகுப்பு. அவளுக்கும் வலிப்பு. சிறு வயதிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுவந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள் என்று செல்வி எங்கள் சபைக்கு வந்த அன்று, சாட்சி சொன்னது நான். அடுத்த வாரமே பிள்ளையை என் டியூஷனில் சேர்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செல்வி ஓடிவந்து என் கையில் ஒரு மஞ்சள் பையை வைத்தாள். உள்ளே தர்ஷினியின் மாத்திரைகள், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு.

"இனிமே இது வேணாங்க்கா. உங்களத் தொட்டவரு எம்பொண்ண விட்டுடுவாரா? உங்க கையாலயே குளத்துல போட்டுடுங்க."

நான் வாயைத் திறந்தேன்... திறக்கத்தான் செய்தேன்! ஆனால் அந்தப் பக்கம் ஜெயசீலன் பைக்கை உதைத்துவிட்டு எனக்காக நின்றுகொண்டிருந்தார். செல்வி சொன்னது அவர் காதிலும் விழுந்தது. "நல்ல விசுவாசம்மா உனக்கு" என்றார் அவளைப் பார்த்து. அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"இன்னாக்கா பேசாம நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல செல்வி. ஜெபம் பண்ணிக்கிறேன்" என்றேன். பைக்கில் ஏறிக்கொண்டேன்.

மாத்திரையைக் குளத்தில் போடவில்லை. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துப் பார்த்தேன். தர்ஷினியுடையதும் என்னுடையதும் ஒரே மாத்திரை. அவளுக்கு அளவு மட்டும் குறைவு. இரண்டையும் ஊசிநூல் டப்பாவிலேயே வைத்து மூடினேன்.

அந்த நாட்களில் நான் ஜெபித்ததுபோல் என் ஆயுளில் ஜெபித்ததில்லை. ஆண்டவரே, நான் சொன்னதைப் பொய்யாக்காமல் அந்தப் பிள்ளையை நிஜமாகவே சுகமாக்கிவிடும் என்று கெஞ்சினேன். பாருங்கள் என் கெட்டிக்காரத்தனத்தை! என் மானத்தைக் காப்பாற்ற அவரை அற்புதம் செய்யச் சொன்னேன். அவர் என் வேலைக்காரரா?

மாத்திரை நின்று சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சற்று மூச்சு வந்தது. ஒரு மாலை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த தர்ஷினி நடுவில் நின்றாள். கண்கள் மேலே செருகின. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். தலை கதவு நிலையில் மோதிய சத்தம் கேட்டது.

நான் அதுவரை வலிப்பை வெளியிலிருந்து பார்த்ததில்லை. விழுகிறவளுக்கு அது தெரியாது அல்லவா? கைகால் வெட்டி இழுத்ததையும், வாயோரம் வழிந்த நுரையையும், நீலம் பாய்ந்த உதட்டையும் அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் கையைக் கொடுத்துக்கொண்டு "சீக்கிரம் விட்டுடு, சீக்கிரம் விட்டுடு" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று தெரியவில்லை. செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

மில் விட்டு வந்த செல்வியிடம் சொன்னேன். மகளின் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சோதனதாங்க்கா இது. இப்போ போயி மாத்திரையக் குடுத்தா நான் நம்பலன்னு ஆயிடும். உங்களுக்கும் மொதல்ல இப்படித்தான் வந்து வந்து நின்னுச்சா?"

இதைவிட நேராக யாரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை. புருஷன் இல்லை, பாஸ்டர் இல்லை, மைக் இல்லை. செல்வி, நான் மாத்திரையால்தான் நிற்கிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஆமா" என்றேன்.

அடுத்த நாள் முதல் டியூஷனுக்கு வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கத் தொடங்கினேன். மூளைக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன். தர்ஷினியின் ஸ்பூனில் மட்டும் அவளுடைய மாத்திரையை நுணுக்கிக் குழைத்திருப்பேன்.

சீட்டில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இருந்தது. என்னால் கொடுக்க முடிந்தது மாலையில் ஒன்றுதான். அது போதுமா, குறைவா, ஏதாவது ஆகிவிடுமா... எதுவும் தெரியாமல் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் இல்லை என்பதால் ஞாயிறு பள்ளி தொடங்குமுன் ஏதாவது சாக்குச் சொல்லி, சபையின் பின்புறம் கூப்பிட்டுக் கொடுப்பேன். பாண்டிச்சேரியில் என் டாக்டரிடம், சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி என்று தொடங்கி விசாரித்தேன். "பிள்ளைய நேர்ல கூட்டிட்டு வாங்கம்மா, பாக்காம நான் எப்படிச் சொல்றது?" என்றார். நியாயம்தானே. எப்படிக் கூட்டிப்போவேன்?

பையிலிருந்தவை தீர்ந்தபோது, பாண்டிச்சேரி போக நேரமில்லாமல் செஞ்சி பஜாரிலேயே மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபிட்ஸ் மாத்திரையாச்சே டீச்சர்! யாருக்கு?" என்றார், கடையே கேட்கும்படி. அந்த நேரம் பார்த்துப் பாஸ்டர் அம்மா தைலம் வாங்கப் படியேறி வந்தார்.

"இன்னா சிஸ்டர், ஒடம்புக்கு முடியலையா?"

"தலவலிம்மா" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொட்டலத்தை ஒன்றும் பேசாமல் நீட்டினார். திருநீறு பூசிய அந்த மனுஷர் முன்னால் என் சபையின் அம்மாவிடம் நான் பொய் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை முதுகு வியர்த்துக்கொண்டே இருந்தது.

தர்ஷினிக்கு வலிப்பு வரவில்லை. ஒரு மாதம் போயிற்று, இன்னும் சில மாதங்கள் போயின. வரவே இல்லை. நான் சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும்.

வந்தது. ஒரு ஞாயிறு செல்வி எழுந்தாள். மைக்கைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "மெர்சி அக்கா சாட்சியக் கேட்டுத்தான் நான் நம்புனேன். எம்பொண்ணுக்கு சுகமாயிடுச்சி. ஒரு மாத்திரை இல்ல, மருந்தில்ல..." அழுகையில் மீதி வரவில்லை. சபை எழுந்து நின்றது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் கையை உயர்த்தி "ஸ்தோத்திரம்" என்றேன்.

அந்த வாரமே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனேன். அவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். "ஐயா, செல்வி மாத்திரைய நிறுத்தினது... எனக்குப் பயமா இருக்குது" என்று தொடங்கினேன்.

"எனக்கும் மொதல்ல பயமாத்தாம்மா இருந்துச்சி. டாக்டரக் கேட்டுக்கம்மான்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. இப்போ பாரு, நல்லா இருக்குது புள்ள. அவ விசுவாசம் எனக்கே இல்ல!" சிரித்துக்கொண்டே சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மறைக்காமல், வெட்கப்படாமல், என் கண்ணெதிரில் விழுங்கினார்.

இவ்வளவு சுலபமா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நானும் சிரித்துவைத்தேன். பாஸ்டர் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் ஹாஸ்டல் பேச்சு வந்தது. ஆறாம் வகுப்புக்கு விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் இடம், தங்கிப் படிக்கலாம். செல்விக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ ஒரே கேள்விதான். அங்கே தேன் கொடுக்க யார் இருக்கிறார்கள்? மாத்திரை சட்டென்று நிற்கும். விடுதியில் மாடிப்படி இருக்கும், தண்ணீர்த் தொட்டி இருக்கும். எங்கே எப்படி விழுவாள்? வேலை செய்யும்போதும் கனவிலும் கதவு நிலையில் தலை மோதிய அந்தச் சத்தமே கேட்டது.

இப்போதாவது செல்வியிடம் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் அவள் முகம் என்ன ஆகும்? சபைக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும். ஜெயசீலன் என்னை எப்படிப் பார்ப்பார்? ஒவ்வொரு நாளும் நாளை என்றேன்.

கடைசியில் நான் செய்ததைச் சொல்லுகிறேன், கேளுங்கள். பெரியவர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கித்தருகிறேன் என்று பஜாருக்குக் கூட்டிப்போனேன். வாங்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்ப் புல்தரையில் உட்கார்ந்தோம். குரங்குகளுக்குப் பயந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தர்ஷினி, டியூஷன்ல மிஸ் உனக்குக் குடுத்த தேன்ல..."

"மாத்திரதான மிஸ்? தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா? சின்னதுலேருந்து சாப்புடறேன்ல."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னா அம்மா டியூஷன நிறுத்திடும். அப்பறம் எனக்கு வந்துடும். கீழ வுழுந்தா பசங்க சிரிக்குதுங்க மிஸ். ஒண்ணுக்குப் போயிடறேன்ல..."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. நானும் அப்படித்தான் விழுந்தேன், நானும் இன்றுவரை இந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். உலகத்தில் நான் அதைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஆச்சரியப்பட்டதுபோலத் தெரியவில்லை. சற்று நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சர்ச்சுல பொய் சொன்னா கர்த்தர் கோச்சிக்க மாட்டாரா மிஸ்?"

ஞாயிறு பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுத்தவள் நான். உண்மை பேச வேண்டும் என்று படம் வரைந்து காட்டியவள் நான். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"நாம பொய் சொல்லலையே கண்ணு. சும்மாதான இருக்கறோம்."

மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, யாரும் பார்க்காமல் குளியலறையில் சாப்பிடச் சொன்னேன். குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து விழுங்குவது எப்படி என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒருதரம் சொன்னால் போதும்.

விடுமுறைக்குப் போன வாரம் வந்திருக்கிறாள். உயரமாகிவிட்டாள். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் ஐயா அவளை ஆசையாக முன்னால் கூப்பிட்டார். "எங்க, சாட்சி சொல்லு பாப்பா."

எனக்கு இரண்டு பயமும் ஒன்றாக வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று ஒன்று. சொல்லாமல் விடுவாளோ என்று ஒன்று. எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்காதீர்கள்.

மைக்கை வாங்கினாள். தடுமாறவே இல்லை. ஹாஸ்டலில் ஒரு நாள் தலை சுற்றியதாம். வலிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததாம். உடனே வெள்ளை உடுப்பில் ஒருவர் வந்து நெற்றியில் கைவைத்தாராம். அவருடைய கை குளிர்ச்சியாக இருந்ததாம். எந்த மாத்திரையும் இல்லாமல் தான் நன்றாக இருப்பதாகச் சொல்லி முடித்தாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கூரை அதிர்ந்தது. செல்வி தரையில் விழுந்து அழுதாள்.

அந்த வெள்ளை உடுப்பை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே உண்டாக்கிக்கொண்டாள்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். காதோடு கேட்டாள். "நல்லா சொன்னனா மிஸ்?"

"நல்லா சொன்ன" என்றேன். வேறென்ன சொல்ல? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சீயமங்கலத்துக்காரியாம், யாரோ சொல்லி முதல்தடவை வந்திருக்கிறாள். இடுப்பில் ஒரு பையன். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டியவன்தான், ஆனால் நெற்றியில் புதுக் கட்டு. பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது.

"மாத்திரைய எப்போ நிறுத்துன பாப்பா?" என்று அவள் தர்ஷினியைக் கேட்டாள்.

"டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்கம்மா" என்றேன் நான். கேட்குமா என்பதுபோல் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன், அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்!

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா சிஸ்டர் இப்படிச் சொல்றீங்க? உங்களப் பத்தித்தான ஊரெல்லாம் பேசுது. நான் நம்பறனான்னு பாக்கறீங்களா?" மறுபடியும் பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது செய்வேன் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஜெபம் பண்ணுன அன்னிக்கே நிறுத்திட்டோம் ஆன்ட்டி" என்றாள்.

அந்த அம்மா தர்ஷினியின் கன்னத்தைத் தடவி, அந்த விரல்களைத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பையனைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனாள். அவன் தோளுக்குமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு போனான்.

அவள் பெயரை நான் கேட்கவில்லை. எந்தத் தெரு என்றும் தெரியாது. இன்றைக்குள் நிறுத்தியிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு இரகசியமாகக் கொடுக்க அந்த ஊரில் ஒரு மெர்சி இல்லை.

சீயமங்கலம் பக்கம் போகிற பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கிறது. சின்ன ஊர், நெற்றியில் கட்டோடு ஒரு பையன் என்றால் யாரும் வீட்டைக் காட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை பையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறலையாம்மா?" என்று கேட்டார். நேற்றும் போய் நின்றேன்.

இன்னும் ஏறவில்லை.